இரண்டாம் தாழி

இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒயின் விளிம்பு தாண்டி என் வெள்ளைச் சட்டையில் கொட்டும், ஆனாலும் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் சுற்றுகிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள், பெரிய மரியாதை அது, சும்மா நின்றால் கிடைக்காது. ரத்தினவேல் கையைக் கட்டிக்கொண்டு என் மூக்கையே பார்க்கிறான். முகத்தை இல்லை, மூக்கை. மதுரையில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் மூக்கையெல்லாம் அளந்து பார்க்கிறவன் நான், இன்றைக்கு என் மூக்கை ஒருவன் அளக்கிறான். "என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக?" "இருப்பா." இருப்பா என்று சொல்லியாயிற்று, எவ்வளவு நேரம் இருப்பான். காலை பத்தரை மணி. கம்பத்துக்கு வெளியே அவனுடைய திராட்சைத் தோட்டம், தோட்டத்துக் கடைசியில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் வாய் மட்டும் வெளியே தெரிய மண்ணில் புதைத்த இரண்டு பெரிய தாழிகள். முதல் தாழியைத் திறந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலிருந்து மொண்ட முதல் கோப்பை என் கையில். ஏழு மாசம் மண்ணுக்குள் கிடந்த பன்னீர் திராட்சை. நல்லாயிருக்கிறது என்று நான் சொன்னால் இன்னும் பத்துத் தாழி புதைப்பான், சொல்லாவிட்டால் பழையபடி இரும்புத் தொட்டிக்கே போய்விடுவான், என் ஒரு வார்த்தைக்காக நிற்கிறான். என் மனைவி மங்கை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்கிறாள். தோட்டத்தில் வேலை பார்க்கிற பேச்சியம்மாள் வாசலில் நின்று சிரிக்கிறாள். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோகிறேன், கண்ணை மூடுகிறேன், ஆழமாக இழுக்கிறேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் டம்ளரை மோந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சீரடிக்குப் போனவன் நான், பாபாவைப் பார்க்கப் போனவன், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், திரும்புகிற வழியில் வேன் டிரைவர் நாசிக்கில் ஒரு ஒயின் தோட்டத்தில் நிறுத்தினான், மங்கை விபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள், நான் மட்டும் இறங்கினேன். அங்கே ஒரு பெண் ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்து, குடிக்காதீங்க, முதல்ல மோந்து பாருங்க என்றாள். மோந்தேன். கொய்யாப்பழம் என்றேன், அவள் ஆச்சரியப்பட்டாள். நனைந்த வைக்கோல் என்றேன், உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சாமியைப் பார்க்கப் போய்ச் சாராயத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரே மனுஷன் நீங்கதான் என்று மங்கை இன்றைக்கும் ஊர்முழுக்கச் சொல்கிறாள். சொல்லட்டும். நந்தி மலைப் பக்கம் எட்டுத் தோட்டம், நாசிக்குக்கு மட்டும் ஆறு தடவை, ஒவ்வொரு பாட்டிலுக்கும் நோட்டில் மூன்று கட்டம், நிறம், வாசனை, ருசி, பதினோரு நோட்டு முடிந்துவிட்டது. நிறமும் ருசியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், நடுக்கட்டம்தான் நான். அப்புறம் ஜார்ஜியா, ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கிற நாடு. ஆறு வருஷமாகத் திட்டம், மேப்பில் பென்சிலால் கோடு, எந்த ஊரில் இறங்கி எந்த ஊரில் தங்குவது என்பதெல்லாம் மனப்பாடம், அடுத்த மாசம் மூன்றாம் தேதி விமானம். புரட்டாசி பிறந்ததும் விரதம் இருக்கிற மனுஷி நான், என்னையக் கொண்டுபோய் ஒயின் ஊர்ல விடப் பாக்குறீங்களே என்று மங்கை திட்டினாள், ஆனால் ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். அந்த நாட்டில் ஒயினைத் தாழியில் ஊற்றி மண்ணில் புதைக்கிறார்கள். போனில் வீடியோவைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுலதான நம்ம ஊர்ல செத்தவங்கள வச்சுப் புதைச்சாங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தோன்றாததை அவள் சொல்லிவிட்டாள் என்ற கோபம். நான்தான் ரத்தினவேலிடம் அளந்துவிட்டேன், போன வருஷம், இதே கொட்டகையில், இப்படிப் புதைக்கணும், இப்படி மூடணும், காலியானதும் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவணும், அப்பத்தான் அடுத்த ஒயின் சுத்தமாக வரும் என்று. வாய் இருக்கிறதே. அவன் மானாமதுரைக்குப் போய்த் தாழி செய்யச் சொன்னபோது நானும் கூடப் போனேன். செய்து முடித்தவர், இந்த அளவுல எதுக்குப் பண்ணுவாகன்னு தெரியும்ல சார் என்று கேட்டுவிட்டு, வெறும் பானையா அனுப்பக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல்லைப் போட்டார். நாங்கள் அதைக் கொட்டிவிட்டுத்தான் ஒயின் ஊற்றினோம். அதில் என்ன தப்பு, ஒயினில் நெல் கிடக்கலாமா. ஆனாலும் அது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

தை மாசம் முதல் தாழிக்கு மூடி போட்டோம். போடுவதற்கு முன்னால் கடைசியாகக் குனிந்து மோந்தவன் நான், தலையைத் தோள்வரை உள்ளே விட்டு, நுரைத்துக்கொண்டிருந்த அந்தக் கருஞ்சிவப்பை மோந்தேன், நாவல்பழம், கிராம்பு, மழைக்கு முந்தின மண். அதுதான் கடைசி. அந்த வாரமே காய்ச்சல், நாலு நாள், ஐந்தாம் நாள் எழுந்து காபியைக் குடித்தேன், கசப்பு இருந்தது, இனிப்பு இருந்தது, காபி இல்லை. சரியாகப் போகும் என்று இருந்தேன். சோப்பு, பெருங்காயம், மல்லிகை, சாக்கடை, எதுவும் இல்லை, சாக்கடைப் பக்கம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பைத்தியக்காரனை நகராட்சி பார்த்திருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. மங்கையிடமும் இல்லை. சொன்னால் என்ன ஆகும், பயணம் போகும், நோட்டுப் போகும், மூக்கன் என்று நண்பர்கள் கூப்பிடுகிற பெயர் போகும், மிச்சம் இருப்பது ஒரு கண்ணாடிக்கடைக்காரன். நோட்டில் நடுக்கட்டத்தைப் பழைய பக்கங்களைப் பார்த்து நிரப்பினேன், பரீட்சையில் காப்பி அடிக்கிற மாதிரி, ஏழு மாசமாக அறுபது பாட்டில், அறுபதும் பொய். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். "வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியுதா? சோடா குடிச்சா மூக்குல ஏறுதா?" "ஏறுது டாக்டர்." "அது வேற நரம்பு, அது நல்லாருக்கு. வாசனை நரம்புதான் போயிருக்கு. வரலாம், வராமலும் போகலாம். இல்லாத வாசனை இருக்கிற மாதிரி தோணினா பயப்படாதீங்க." தோன்றியது. பங்குனியில், கடையில், பட்டப்பகலில், ஒரு பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது குப்பென்று வந்தது, ஈர மண்ணும் பழைய துணியும். எனக்கு அது என்ன வாசனை என்று உடனே தெரிந்தது, தெரிந்ததுதான் பயம். பத்து வருஷம் முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் நிலத்தில் கிணறு தோண்டும்போது ஒரு தாழி வந்தது, போய்ப் பார்த்தோம், எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், நான் மட்டும் குனிந்து மோந்தேன், கண்ட இடத்தில் மூக்கை நுழைக்கிறவன் ஆயிற்றே. உள்ளே மண்ணும் நாலு எலும்புத் துண்டும்தான். துணியே இல்லை. ஆனால் துணி வாசனை அடித்தது, பெட்டியில் மடித்து வைத்து யாரும் எடுக்காமலே போன துணி. அன்றைக்குக் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கல்யாணப் பந்தியில் வருகிறது, கோவிலில் வருகிறது, மங்கை வைத்த ரசத்தில் வருகிறது. உலகத்தில் உள்ள எல்லா வாசனையும் போய் அது ஒன்று மட்டும் எனக்கு மிச்சம். சில நேரம் ஒரு கிறுக்கு நினைப்பு வரும், தாழிக்குள் தலையை விட்டேனே, என் மூக்கு அங்கேயே மாட்டிக்கொண்டது, மேலே மூடி போட்டுவிட்டார்கள், அது உள்ளே உட்கார்ந்து மோந்துகொண்டிருக்கிறது என்று.

"சரிண்ணே, நீங்க நிதானமா பாருங்க, அதுக்குள்ள ரெண்டாவதக் கழுவிப்புடுவோம்" என்கிறான் ரத்தினவேல். அப்பாடா, கொஞ்ச நேரம் கிடைத்தது. இரண்டாம் தாழியில் ஆடியில் ஊற்றிய சாறு சரியாக வரவில்லை, நேற்றுச் சாயங்காலம் இறைத்துவிட்டான், அடியில் தோலும் கொட்டையும் முழங்கால் உயரத்துக்குச் சேறாகக் கிடக்கிறது. தாழியின் வாய் குறுகல், ரத்தினவேலின் தொப்பை நுழையாது, அதனால் பேச்சியம்மாள். ஒடிசலான உடம்பு, ஐம்பது வயசு இருக்கும், பந்தலில் ஏறிக் காய் அறுக்கிறவள். "அண்ணன் சொன்ன மாதிரியே, உள்ள எறங்கிச் சொரண்டிரு பேச்சி" என்கிறான். அண்ணன் சொன்ன மாதிரி. நான் சொன்ன மாதிரி. அவள் குனிந்து உள்ளே பார்த்து, "ஆத்தி, கமகமன்னுல்ல இருக்கு, எறங்குனா ஏறி வர மனசு வராது போலயே" என்று சிரிக்கிறாள். நானும் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் நிற்கிறேன், சும்மா நிற்பானேன் என்று குனிகிறேன், பழக்க தோஷம், இழுக்கிறேன். சுருக். மூக்கின் உச்சியில், கண்ணுக்குப் பின்னால், கோலி சோடாவை ஒரே மடக்காகக் குடித்தால் ஏறுமே அந்தக் குத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூக்குல ஏறுதுல்லண்ணே? நல்ல வேகம்" என்கிறான் ரத்தினவேல் பெருமையாக. அவனுக்கும் ஏறியிருக்கிறது, ஆனால் பழ வாசனையோடு சேர்ந்து ஏறியதால் அதை வேகம் என்று நினைக்கிறான், எனக்கு வாசனை இல்லை, குத்து மட்டும், தனியாக, ஊசி மாதிரி. சேறு இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது. பொங்கினால் வருகிற காற்று சோடாவில் அடைக்கிற அதே காற்று, வாசனை கிடையாது, கனமானது, மேலே வராது, பள்ளத்தில் தேங்கும், உள்ளே குனிந்தவன் இரண்டு மூச்சில் சாய்வான். படித்திருக்கிறேன், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், இடப்பக்கம் மேலே, இறங்குவதற்கு முன்னால் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பார்கள் என்று ஒரு வரி. போன வருஷம் இவர்களுக்குக் கதை சொன்னபோது அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். மறந்துபோய் விட்டதல்ல. மெழுகுவர்த்தி, சாவு என்றெல்லாம் சொன்னால் கதையின் அழகு கெடும் என்று விட்டேன். ஆனால் இது நிஜமான குத்துதானா? ஏழு மாசமாக என்னிடம் பொய் சொல்கிற மூக்கு. கண்ணாடிக் கூட்டில் பிணவாடை காட்டிய மூக்கு. நிறுத்து என்று கத்தி, விளக்கை இறக்கிப் பார்த்து, விளக்கு ஜம்மென்று எரிந்தால், எப்படிண்ணே தோணுச்சு என்று கேட்பான், என்ன வாசனை வந்தது என்று கேட்பான், கேள்வி மேல் கேள்வி வரும், எல்லாம் வெளியே வரும், மங்கை கேட்டுக்கொண்டிருப்பாள். சும்மா இருந்தால்? அவள் கெட்டிக்காரி, ஐந்து நிமிஷத்தில் ஏறி வந்துவிடுவாள், நேற்றே இறைத்தாயிற்று, காற்றெல்லாம் போயிருக்கும். போயிருக்குமா. கனமான காற்று எங்கே போகும். தாழியின் வாய் கருப்பாக இருக்கிறது, வயிறு அகலம், ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார அளவெடுத்துச் செய்த மாதிரி, அளவெடுத்துத்தான் செய்தார்கள், நான்தான் அளவு கொடுத்தேன். பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகுகிறாள். காதுத் தோட்டைக் கழற்றுகிறாள், மூக்குத்தியைக் கழற்றுகிறாள், சேத்துக்குள்ள விழுந்தா எங்க தேடுறது என்று சொல்லிக்கொண்டே மங்கையிடம் நீட்டுகிறாள். "அக்கா, இதச் செத்த வச்சிருங்க." மங்கை எழுந்து வந்து வாங்குகிறாள். உள்ளங்கையில் மூன்று பொட்டுத் தங்கம். என் அம்மா போன அன்றைக்கு அம்மா காதிலிருந்து கழற்றியதையும் மங்கைதான் இப்படிக் கையில் வாங்கினாள், இப்படியேதான் விரல்களை மூடினாள். இதோ மூடுகிறாள்.

"இறங்காத!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. ஒரு காலை உள்ளே விட்டிருந்த பேச்சியம்மாள் அப்படியே நின்றாள். ஒயின் என் சட்டையில் கொட்டியது. "விளக்கு கொண்டா, ரத்தினம், உள்ள விஷக்காத்து இருக்கு." "என்னண்ணே, கெணறா இது? நல்ல வாசம்ல வருது." "வாசத்தை நம்பாதே. கொண்டா." பிள்ளையார் படத்துக்கு முன்னால் எரிந்த அகல் விளக்கை எடுத்து வாளிக்குள் வைத்து, கயிறு கட்டி, முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். சுடர் ஆடாமல் இறங்கியது. நான் எரியாதே எரியாதே என்று வேண்டிக்கொண்டேன், எப்பேர்ப்பட்ட வேண்டுதல், அணைந்தால்தான் எனக்கு மானம். ஒரு முழம் இறங்கியது, எரிந்தது. என் முகத்தை மங்கை பார்ப்பது தெரிந்தது. இரண்டாவது முழத்தில் சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. காற்று அடிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பைய ஊதினாற்போல இருந்தது. ரத்தினவேல் வாளியை மேலே இழுத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி இறக்கினான், அதே இடத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பற்றவைக்க அவன் கை வரவில்லை. பேச்சியம்மாள் காலை வெளியே எடுத்து, தரையில் உட்கார்ந்து, சிரித்த அதே வாயைப் பொத்திக்கொண்டாள். "எம் மகளுக்கு வர்ற வெள்ளிக்கெழம வளைகாப்புய்யா" என்றாள். "ரத்தினம், இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "எனக்கு வாசனை தெரியாது. ஏழு மாசமா ஒரு வாசனையும் தெரியாது. இதுகூட வெறும் குத்தல்தான் தெரிஞ்சது." சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "அண்ணே, சும்மா இருங்கண்ணே. எங்க யாருக்கும் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மூக்கு இல்லைன்னு சொல்றீகளே." பேச்சியம்மாளும், "அது சாமி மூக்குய்யா" என்றாள். உண்மையைச் சொன்னால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. ரத்தினவேல் முதல் தாழியிலிருந்து மறுபடி ஒரு கோப்பை மொண்டு பயபக்தியோடு என் கையில் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான்.

மங்கை பக்கத்தில் வந்து நின்றாள். கையில் இன்னும் அந்தத் தோடும் மூக்குத்தியும். "நெசமாத்தான் சொன்னீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. "சித்திரையில ஊசிப்போன சாம்பாரை ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டீங்க, அப்பவே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." "ஜார்ஜியா வேண்டாம் மங்கை, டிக்கெட்டை ரத்து பண்ணிடுவோம்." "எதுக்கு? ஸ்வெட்டர் வாங்கியாச்சு. நான் மோந்து சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க, நானென்ன குடிக்கவா போறேன்." என் கையிலிருந்து கோப்பையை அவளே வாங்கினாள். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒயின் கோப்பையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க நோட்டை விரித்துக் குனிந்துகொண்டேன், நிறம் எழுதினேன், நடுக்கட்டத்தில் பேனாவை வைத்துக் காத்திருந்தேன். அவள் சீரடி விபூதியை மோந்து பார்க்கிற மாதிரி அவ்வளவு கவனமாக மோந்தாள். "நாவப்பழம்" என்றாள். எழுதினேன். "கிராம்பு." எழுதினேன், மூடி போட்ட அன்றைக்கு நான் மோந்த அதே வரிசை. "மண்ணு, ஆனா மழைமண்ணு இல்ல, ஈர மண்ணு, தோண்டின மண்ணு." எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள், முகம் கொஞ்சம் மாறியது. "அடியில இன்னொண்ணு இருக்குங்க. பேர் வாயில வரமாட்டேங்குது. யாரோ உள்ள குத்தவச்சு உக்காந்திருந்துட்டு இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி…" அவள் அதற்குமேல் வார்த்தை தேடிக்கொண்டு கண்ணைத் திறந்து என் நோட்டை எட்டிப் பார்த்தாள். நடுக்கட்டத்தின் கடைசி வரியில் என் கை முன்னாலேயே எழுதியிருந்தது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பழைய துணி. ஆமா, அதேதான். நான் சொல்லவே இல்லையே, எப்படிங்க எழுதுனீங்க?" தண்ணீர்ச் செம்போடு ரத்தினவேல் திரும்பி வந்துகொண்டிருந்தான். முதல் தாழிக்கு மூடியைப் போடச் சொன்னேன்.